கையெழுத்துப் போடும் முன் மவுஸை ஓரமாக வையுங்கள்

இணையதளம் வேண்டுமென்று முடிவெடுப்பவர்களுக்கும், முடிந்த வேலையைப் பார்த்து ஒப்புதல் தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வங்கியிலோ மருத்துவமனையிலோ, பல்கலைக்கழகத்திலோ பத்திரிகையிலோ, அரசுத் துறையிலோ இருந்துகொண்டு "நமக்குப் புது இணையதளம் ஒன்று வேண்டும்" என்று தொடங்கிவைப்பவர் நீங்கள். சில மாதங்கள் கழித்து, "சரி, வெளியிட்டுவிடலாம்" என்று கையெழுத்துப் போடுபவரும் நீங்கள்தான். நடுவில் வேலை செய்கிற வடிவமைப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும் அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நீங்கள் கேட்டதைச் செய்து கொடுப்பார்கள். கேட்காததைச் செய்ய அவர்களுக்கு நேரமும் ஒதுக்கப்பட்டிருக்காது, பணமும் ஒதுக்கப்பட்டிருக்காது. அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், கை நடுங்கும் ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் ஒருவர் உங்கள் தளத்தில் தன் வேலையை முடிக்க முடியுமா என்பது உங்கள் மேஜையில்தான் தீர்மானமாகிறது.

இணையதளங்களைச் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. ஆகவே உங்களையும் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்கிறேன். உங்கள் தளத்தைக் கணினியில் திறங்கள். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு லிங்க்கிலிருந்து அடுத்த லிங்க்குக்கு, ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்கு நகர வேண்டும். இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்ட, அதைச் சுற்றி ஒரு கட்டம் தெரிய வேண்டும். பல தளங்களில் அந்தக் கட்டமே இருக்காது. அது அழகைக் கெடுக்கிறது என்று ஏதோ ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே வரியில் எடுத்துவிட்டிருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் போங்கள். மேலே உள்ள மெனு, மவுஸ் மேலே வந்தால் மட்டும் விரிகிற வகையா? அப்படியானால் அதற்குள் இருக்கும் பக்கங்கள் எல்லாம் கீபோர்டை நம்பியிருப்பவருக்கு இல்லாத பக்கங்கள். பிறந்த தேதியைக் காலண்டரில் தேடித்தேடிச் சொடுக்கத்தான் வேண்டுமா, தட்டச்சு செய்தால் ஏற்காதா? திடீரென்று எழும் அறிவிப்புப் பெட்டியை எஸ்கேப் விசையால் மூட முடிகிறதா, இல்லை அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எங்கேயோ டேப் அலைந்துகொண்டிருக்கிறதா? ஒரு விண்ணப்பத்தை முதல் கட்டத்திலிருந்து கடைசிப் பட்டன்வரை இப்படியே நிரப்பிப் பாருங்கள். இதற்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் வேண்டாம். உங்கள் தளம் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது உடனே புரிந்துவிடும்.

கீபோர்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துக் கணினியில் வேலை செய்யும் பார்வையற்றவர் பொதுவாக மவுஸைத் தொடுவதில்லை. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குபவர், வாயில் பிடித்த குச்சியால் விசைகளைத் தட்டுபவர், தலையசைவில் இயங்கும் ஒற்றை ஸ்விட்ச்சை நம்பியிருப்பவர் என்று பலருடைய கருவிகளும் கீபோர்டு போகிற பாதையில்தான் தளத்துக்குள் நுழைகின்றன. அந்த ஒரு பாதை திறந்திருந்தால் இத்தனை பேருக்கும் வழி கிடைக்கும். அடைத்திருந்தால் இத்தனை பேரும் வெளியே.

எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். பணம் அனுப்பும் தளம் ஒன்றில் எல்லா விவரங்களையும் நிரப்பி, முடிவுக்கு வந்துவிட்டார். அங்கே இரண்டு பட்டன்கள். இரண்டுக்கும் படம் மட்டும்தான், பெயர் இல்லை. ஸ்கிரீன் ரீடர் முதலாவதை "பட்டன்" என்றது. இரண்டாவதையும் "பட்டன்" என்றது. ஒன்று பணத்தை அனுப்பும், இன்னொன்று நிரப்பியதை எல்லாம் அழிக்கும். எது எது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லித் தளம் அவரை வெளியேற்றியது. மறுபடி முயன்றார், மறுபடியும் அதே கதை. கடைசியில் ஒரு மாணவரை அழைத்து, தன் கடவுச்சொல்லைச் சொல்லி, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அவர் பார்க்கும்படி விட்டுத்தான் வேலையை முடித்தார். நல்ல மாணவர், ஒன்றும் ஆகவில்லை. அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. தன் பணத்தைத் தானே யாருக்கும் தெரியாமல் கையாள வேண்டும் என்பது வளர்ந்த மனிதர் ஒவ்வொருவரின் உரிமை. அந்த உரிமை ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்காததால் அவர் கையை விட்டுப் போனது. பெயர் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மருத்துவப் பரிசோதனை முடிவை இன்னொருவர் வாசித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை யோசித்துப் பாருங்கள். வேலைக்கான விண்ணப்பம், குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும் மனு, கடன் பாக்கி விவரம் என எல்லாம் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டன. முன்பு கவுன்ட்டரில் ஒரு மனிதராவது இருந்தார், கேட்டால் சொல்வார். அந்தக் கவுன்ட்டரை மூடிவிட்டு அதன் இடத்தில் தளத்தை வைத்தபோதே, வருகிற எல்லாருக்கும் பதில் சொல்லும் பொறுப்பும் அந்தத் தளத்துக்கு வந்துவிட்டது.

"எங்கள் தளத்துக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதில்லையே" என்று கூட்டங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எப்படித் தெரியும்? யார் எந்த ஊரிலிருந்து எந்தக் கைப்பேசியில் வந்தார்கள் என்று காட்டும் புள்ளிவிவரக் கருவிகள், வந்தவர் ஸ்கிரீன் ரீடர் வைத்திருந்தாரா என்பதைக் காட்டுவதில்லை. அவர் வந்திருப்பார், முதல் பக்கத்திலேயே வழி கிடைக்காமல் திரும்பியிருப்பார். உங்கள் அறிக்கையில் "உடனே வெளியேறியவர்கள்" என்ற எண்ணுக்குள் ஒருவராக அவர் இருப்பார். உலக மக்களில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானால் கண்ணும் காதும் விரல்களும் தளர்வது இயல்பு. கை முறிந்து கட்டுப் போட்டிருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் இந்த வசதி தேவைப்படுகிறவர்களும் உண்டு.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2024இல் 95.9 சதவீதப் பக்கங்களில் குறை கண்டது. என்னை உறுத்துவது அடுத்த தகவல்: கண்டுபிடித்த குறைகளில் 96 சதவீதம் வெறும் ஆறு வகைக்குள் அடங்கிவிட்டது. மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், வெற்று லிங்க், வெற்று பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிப்பிடாதது, அவ்வளவுதான். இவற்றில் எதற்கும் ஆராய்ச்சி தேவையில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

மங்கலான எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இப்போது நாகரிகமாகிவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது உலகத் தரவரையறை. 999999 என்ற எண் கொண்ட சாம்பல் நிறம் வெள்ளையின்மேல் 3:1ஐக்கூட எட்டாது. அதையே 767676 என்று கொஞ்சம் அடர்த்தியாக்கினால் தேறிவிடும். இரண்டும் சாம்பல்தான், வடிவமைப்பு ஒன்றும் குலைந்துவிடாது. ஆனால் கண்புரை தொடங்கியவருக்கும், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் அதுதான் படிப்பதற்கும் படிக்க முடியாததற்கும் உள்ள வித்தியாசம். அப்புறம், தவறாக நிரப்பிய கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். என்ன தவறு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

தமிழில் தளம் நடத்துபவர்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். முக்கியமான அறிவிப்பு என்றால் அதை அழகான எழுத்துருவில் ஒரு படமாகச் செய்து போட்டுவிடுகிறோம். தேர்வுத் தேதி மாறியது, முகாம் நடக்கும் இடம், கடைசி நாள் என எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும். ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு "படம்", அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சில சமயம் கேமரா கொடுத்த கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசிக்கும். படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் இருக்கும் செய்தி அதே பக்கத்தில் எழுத்தாகவும் இருக்கட்டும். தேடுபொறியிலும் அப்போதுதான் கிடைக்கும்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தலைவலி. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் எத்தனையோ தளங்களில் பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். கேட்பவர் காதில் விழுவது பொருளற்ற உளறல். பக்கத்தை ஒளிவருடி எடுத்து அப்படியே ஏற்றிய பிடிஎஃப் என்றால் அந்த உளறலும் இல்லை, அமைதிதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது தொடர்வதற்கு நியாயமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. மக்கள் அதிகம் தேடும் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள், புதிதாக ஏற்றுவதையாவது சரியாக ஏற்றுங்கள்.

மொழியைக் குறிப்பிடுவதும் அப்படித்தான். பக்கம் தமிழில் இருக்கும். ஆனால் நிரலின் தலைப்பகுதியில் ஆங்கிலம் என்று எழுதியிருக்கும், ஏனென்றால் வார்ப்புரு அப்படி வந்தது. ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைத் தாண்டிப் போகலாம், அல்லது என்னென்னவோ சொல்லலாம். இரண்டே எழுத்து மாற்றம். தமிழ்ப் பக்கத்தில் நடுவே ஒரு ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கும் தனியாகக் குறிக்கலாம். குரல் தானாக மாறிக்கொள்ளும்.

பார்வையுள்ளவர் நீளமான பக்கத்தை ஒரே பார்வையில் மேலிருந்து கீழே மேய்ந்து, தடித்த எழுத்தில் உள்ள தலைப்புகளைப் பிடித்துக்கொண்டு வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார். ஸ்கிரீன் ரீடரிலும் அதேபோல் போகலாம்: என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆனால் நிரலில் அதைத் தலைப்பு என்று குறித்திருந்தால்தான் தாவும். பெரிய எழுத்தாக மட்டும் ஆக்கி வைத்திருந்தால், அவர் முழுப் பக்கத்தையும் வரிவரியாகக் கேட்டே ஆக வேண்டும். லிங்க்குகளை மட்டும் தனியே பட்டியலாக எடுத்துக் கேட்கும் வசதியும் உண்டு. அதைத் திறந்தால் "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்", "மேலும்", "மேலும்" என்று வரிசையாக வந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? "விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க" என்று எழுத ஓரிரு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். இது நிரலாளர் வேலைகூட இல்லை, உள்ளடக்கம் எழுதுகிறவர் வேலை.

என்விடிஏ என்று சொன்னேன். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர் அது. இலவசம். கைப்பேசிகளில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர்கள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. கருவி வாங்கப் பணமில்லை என்று உங்கள் குழு சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வீடியோக்களுக்கு எழுத்து வடிவம் வேண்டும். தானாக உருவாகும் சப்டைட்டில் பெயர்களையும் எண்களையும் தப்பாகக் கேட்டுவிடும். மருந்தின் அளவைச் சொல்லும் வீடியோவில் அந்தத் தப்பு ஆபத்து. ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சிறுவயதிலிருந்தே காது கேளாத பலருக்கு சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நாம் பெருமையாக எழுதுகிற மூன்று வரி வாக்கியங்கள் அவர்களைத் தடுக்கின்றன. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும், பதற்றத்தில் இருக்கும் யாரையும் தடுக்கின்றன. "மேற்படி ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறும்பட்சத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்" என்பதை "இந்த ஆவணங்களைத் தராவிட்டால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டோம்" என்று எழுதினால் சட்டம் ஒன்றும் குறைந்துவிடாது.

மின்னி மறையும் படங்களைப் பற்றி ஒரே விஷயம். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னிய காட்சியைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒப்பந்தத்தில் எழுதுங்கள், முதல் நாளே எழுதுங்கள். "எல்லாரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது ஆசைதான், நிபந்தனை ஆகாது. டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை என்று எழுதுங்கள். இணையதளத்தை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக வழிகாட்டி விதிகள்தான் டபிள்யூசிஏஜி; அதன் மூன்று நிலைகளில் நடு நிலை ஏஏ. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் முதல் பதிப்பையும், 2008இல் இரண்டாவதையும், 2023 அக்டோபரில் இந்த 2.2ஐயும் வெளியிட்டது. இப்போது இதைக் கேட்பது யாருக்கும் புதிய சுமையாக வர நியாயமில்லை. 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, ஒன்பதாம் பிரிவில் இணையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வயரிங் முடிந்தது என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், ஸ்விட்ச்சைப் போட்டுப் பார்க்காமல் நாம் பணத்தை எண்ணி வைப்பதில்லை. தளத்துக்கும் அப்படியே கேளுங்கள்: எதைச் சோதித்தீர்கள், யார் சோதித்தார்கள், எது தேறவில்லை? பதில் எழுத்தில் வரட்டும். கடைசித் தவணையை அதோடு கட்டிவையுங்கள்.

தள்ளிப்போட்டால் செலவு கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வரைபடத்திலேயே நிறத்தை மாற்றுவது ஒரு பேச்சு. நூறு பக்கம் கட்டிய பிறகு, ஒவ்வொரு மெனுவையும் ஒவ்வொரு படிவத்தையும் பிரித்து மறுபடி கோர்ப்பது மாதக்கணக்கில் போகும் வேலை. "முதலில் வெளியிடுவோம், இதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லப்பட்ட எத்தனையோ திட்டங்களில் அந்த இரண்டாம் கட்டம் வரவே இல்லை.

ஒரே வரி நிரலைச் சேர்த்தால் போதும், தளம் எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று விற்க வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னம் வரும், எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவரிடம் அந்த வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவருக்கு வேண்டியது பெயருள்ள பட்டன். 2025இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், இப்படியொரு கருவியை மிகைப்படுத்தி விற்றதற்காக ஒரு நிறுவனத்தைப் பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. தானியங்கிச் சோதனைக் கருவிகளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். "படம்1" என்று எழுதியிருந்தாலும் இருக்கிறது என்றே சொல்லும்.

ஆகவே மனிதர்களை அழையுங்கள். பார்வையற்ற ஒருவர், கை இயக்கம் குறைந்த ஒருவர், காது கேளாத ஒருவர், மெதுவாகப் படிக்கும் ஒருவர் என்று சிலரை, தளம் பாதி கட்டியிருக்கும்போதே உட்கார வைத்து அவர்கள் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நடுவில் சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அவர்களுக்குப் பணம் கொடுங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். "உங்கள் நன்மைக்காகத்தானே" என்று சொல்லி நிபுணர்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் வழக்கம் வெட்கப்பட வேண்டியது. முடிந்தால் அவர்களில் ஒருவரை வேலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட அன்று சரியாக இருக்கும் தளம் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரம் யாரோ ஒருவர் அவசரமாக ஓர் அறிவிப்பைப் படமாக ஏற்றுவார், இன்னொருவர் கடவுச்சொல் கட்டத்தில் நகலெடுத்து ஒட்டுவதைத் தடுத்து வைப்பார். நினைவாற்றல் குறைந்தவருக்குக் கடவுச்சொல் மேலாண்மைக் கருவிதான் துணை. ஒட்ட முடியாவிட்டால் அவரால் உள்ளேயே வர முடியாது. தினமும் உள்ளடக்கம் ஏற்றும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சோதனை வையுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தளத்தில் இடறுகிறவர்கள் அதைச் சொல்வதற்கு ஒரு மின்னஞ்சலும் ஒரு தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். காது கேளாதவர் தொலைபேசியில் பேச முடியாது, எழுதச் சிரமப்படுபவர் மின்னஞ்சல் அனுப்ப முடியாது என்பதால் இரண்டும் வேண்டும். நீளமான புகார்ப் படிவம் வேண்டாம், ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும் படப் புதிரும் வேண்டாம். வரும் புகாரைப் படிக்க ஒரு பெயருள்ள ஆள் இருக்கட்டும். பதில் எழுதும்போது, "குறித்துக்கொண்டோம்" என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதிக்குள் சரியாகும் என்பதையும், அதுவரை அவர் தன் வேலையை முடிக்க என்ன மாற்று வழி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம்பிக்கையுடன்,
இணையதளங்களைச் சோதிக்கும் பணியில் இருக்கும் ஒருவர்